கணக்கம்மாவுக்கு விழுந்த சீட்டு

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருஷம் அது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒன்றிரண்டாகத் தலைதூக்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்து பழவேற்காடு ஏரிப் பக்கம் போகிற சாலையில், ஒரு ஓட்டுக் கட்டடத்தில் காசநோய் சிகிச்சை மையம் நடந்தது. எனக்கு அங்கே வேலை. பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து எடை பார்த்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மத்தியானத்துக்கு மேல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், மாத்திரையை விழுங்குகிறார்களா இல்லை கோழிக்குப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் டீக்கடை பேப்பரிலும் ஜனங்கள் வாயிலும் படித்ததுதான். யார் என்ன சொன்னாலும் அது மனசில் ஒட்டிக்கொள்ளும். ஏரிக்கரைக் குப்பத்தில் என் பெயர் மாத்திரைக்காரர். சைக்கிள் மணி கேட்டாலே, "நோவு ஒரு தபாதான் வந்துச்சு, இந்தாளு தெனம் வர்றாருப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். எனக்கு அதுவே டீ குடித்த மாதிரி இருக்கும்.

அந்த மையத்தில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பழைய சிகிச்சை ஒரு வருஷத்துக்கும் மேலே இழுக்கும். ஆரம்பத்தில் தினமும் வந்து ஊசி வேறு போட்டுக்கொள்ள வேண்டும். புதுசாக வந்த மருந்தில் பாதிக் காலம் போதும், பெரும்பாலும் மாத்திரைதான் என்றார்கள். ஆனால் அது பழையதைப் போலவே நோயைத் தீர்க்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஒட்டின கவர். கவருக்கு மேலே வரிசை எண், உள்ளே பழசா புதுசா என்று ஒரு எழுத்து. அடுத்த ஆள் வந்தால் அடுத்த கவர். எந்தக் கவரில் எது இருக்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கின மாதிரி மெட்ராஸில் ஒருவர் தீர்மானித்து அனுப்பியிருந்தார்.

அந்த ஒருவர்தான் இந்தக் கதையின் நாயகி. புள்ளியியல் படித்தவர். முப்பது வயதுகூட இருக்காது, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. அப்பா அங்கே வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறவர். ஒருமுறை எங்கள் மையத்துக்கு வந்து படிவம் எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுத்தார். கூடவே குப்பத்துக்கும் வந்தார். ஊசி போடாமல், மாத்திரை கொடுக்காமல், சும்மா எண்களாகவே கேட்டு எழுதிக்கொண்ட அவரைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே குப்பத்து ஜனங்கள் கணக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

மழைக்காலத்தில் ஏரியிலிருந்து அடிக்கிற உப்புக் காற்றுக்குக் கவரின் பசை நிற்காது. லேசாக நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும், அழுத்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் தற்செயலாகத் திறந்துகொண்ட கவரைப் பார்த்தேன். பழைய சிகிச்சை. வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்தவர் குப்பத்து மீனவர் ஒருவர். நெஞ்செலும்பு எண்ணலாம் போல இருந்தார். இருமினால் துணி சிவக்கும். இவர் தினமும் ஊசிக்கு நடந்து வந்தால் வலை யார் இழுப்பது? அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

நான் கவரை மாற்றவில்லை. ஆளை மாற்றினேன். "அண்ணே, போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, அவருக்குப் பின்னால் இருந்த கம்பெனித் தொழிலாளியை முதலில் உள்ளே விட்டேன். அடுத்த கவர் புதுசு. அது மீனவருக்குப் போயிற்று. கவர் எண்ணெல்லாம் வரிசைப்படி சரியாகவே இருந்தது. எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருமுறை செய்த பிறகு கை நிற்குமா? ரொம்ப மோசமாக வருகிறவர், ரொம்ப இல்லாதப்பட்டவர் என்று பார்த்துப் பார்த்துப் புது மருந்துக்குத் தள்ளினேன். கொஞ்சம் தெம்பாக இருக்கிறவர்களைப் பழசுக்கு. ஒரே காலையில் மூன்று தரம் டீக்கு அனுப்பப்பட்ட ஒருவர், "இன்னா மாத்திரைக்காரரே, டீயாலயே நோவத் தீத்துடுவ போலக்கீதே" என்றுகூடக் கேட்டார். சிரித்துக்கொண்டேன். நாலு பேருக்கு நல்லது செய்கிறோம் என்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

சில மாசம் கழித்து ஒரு காலை, கணக்கம்மா தனியாக ரயிலேறி வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ஜமக்காளம் மாதிரி அகலமாக ஒரு காகிதத்தை விரித்தார். இரண்டு ஓரத்திலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை. கம்ப்யூட்டர் அச்சடித்தது என்றார். அப்போதெல்லாம் இந்த மாதிரி கணக்குக்குக் கடையில் வாங்குகிற மாதிரி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கட்டளையையும் அவரே உட்கார்ந்து எழுதியிருந்தார். சட்டை வேண்டுமென்றால் பருத்தி விதைப்பதிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி.

அவர் காட்டியது எடைக் கணக்கு. குலுக்கிப் போட்ட சீட்டு என்றால் பழைய மருந்துக்காரர்களும் புது மருந்துக்காரர்களும் சேரும்போது ஏறக்குறைய ஒரே எடையில் இருக்க வேண்டும். இதே ஆராய்ச்சி நடந்த மற்ற ஊர்களில் அப்படித்தான் இருந்தது. எங்கள் மையத்தில் மட்டும் புது மருந்துக்காரர்கள் எல்லாரும் காற்றடித்தால் பறக்கிறவர்கள்.

ஏரிக்காரர்கள் எல்லாருமே ஒல்லிதான் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்கப்பா மண்டியில தராசு பிடிக்கிறவர்ணா. தராசு ஒரு பக்கமாவே சாஞ்சா, மூட்டையப் பாக்காத, தராசு கட்டின கயித்தப் பாருன்னு சொல்வாரு. அந்தக் கயிறு எங்க இருக்குன்னுதான் எனக்குத் தெரியல" என்றார். பிறகு, குப்பத்துக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன்.

நாங்கள் போன நேரம் குப்பத்தில் பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரியில் மீன் பிடிக்கிற இடத்தைப் பாடு என்பார்கள். எல்லா இடமும் ஒன்றுபோல இருக்காது. கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரப் பக்கம் இறால் கொட்டும். சேற்றுப் பக்கம் கெளுத்தி கிடைத்தாலே பெரிசு. அதனால் யாருக்கு எந்த இடம் என்று கோயில் முன்னால் சீட்டுப் போட்டுத்தான் பிரித்துக்கொள்வார்கள். ஊர்த் தலைவர் பானைக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் முதன்முதலில் டீக்கு அனுப்பினேனே, அந்த மீனவருக்குச் சேற்றுப் பக்கம் விழுந்தது. மனிதர் எழுந்து நிற்கவே தெம்பில்லாமல் மணலில் உட்கார்ந்திருந்தார். அவர் பெண்சாதி மீன் கூடைக்காரி, வாயால் ஊரையே விற்றுவிடுவார். ஓரமாக நின்றிருந்தவர் முன்னால் வந்து, நோயாளி வீட்டுக்கு இந்த ஒரு தடவை நல்ல இடமாகப் பார்த்து மாற்றிக் கொடுக்கக் கூடாதா என்று கெஞ்சினார். எனக்கே கண் கலங்கிவிட்டது. தலைவர் மனசு இளகும் என்றுதான் நினைத்தேன்.

அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "பானைக்குள்ள என் கை போறப்ப அது யார் கையும் இல்லம்மா. இன்னிக்கு உனுக்காவ மாத்துனா, நாளைக்கு எவன் இந்தப் பானைய நம்புவான்? உன் ஊட்டுக்கு இன்னா வோணுமோ அத சீட்டு முடிஞ்சப்புறம் கேளு, நாங்க கீறோம்." அவர் சொல்லி முடிப்பதற்குள், முகத்துவாரம் விழுந்தவர் தன் மீனில் ஒரு பங்கு அந்த வீட்டுக்கு என்று சத்தமாகச் சொன்னார். அடுத்தவரும் சொன்னார். மூன்றாவது ஆளும் சொன்னார். அந்த அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கின்னா" என்று அவர்களையே திட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கணக்கம்மா அந்தப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருப்பேனோ என்னவோ.

திரும்பி வருகிற வழியில், வேலிக்காத்தான் புதர் ஓரமாக சைக்கிளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பசை விட்ட கவர், டீ, வரிசை, எல்லாம். நல்ல மனசோடுதான் செய்தேன் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. பிறகு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"ரொம்ப மோசமா இருக்கறவங்களா பாத்துப் பொறுக்கி புது மருந்துக்குத் தள்ளியிருக்கீங்க. நாளைக்கு அவங்கள்ல நாலு பேர் போயிட்டா பழி யார் மேல விழும்? மருந்து மேல. நல்ல மருந்தாவே இருந்தாலும் லாயக்கில்லன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் இந்தக் குப்பத்துல யாருக்குமே அது வராதுண்ணா."

எந்த மருந்து ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ, அதைத் தோற்கடிக்கிற வேலையைத்தான் இத்தனை மாசமாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன்.

யார் யாரை முன்னே பின்னே தள்ளினீர்கள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாரையும் எப்படி ஞாபகம் வைப்பது? அது தெரியாவிட்டால் எங்கள் மையத்து நோயாளிகள் எல்லாரையுமே கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அப்படி எடுத்தால், இருக்கிற ஆள் போதாமல் ஆராய்ச்சியே முடிவு சொல்ல முடியாமல் போனாலும் போகும். ஏரிக்காரர்கள் அவ்வளவு பேர் விழுங்கின மாத்திரையும் வீண்.

அப்போதுதான் எனக்குக் கம்பி ஞாபகம் வந்தது. மையத்துக்கு வருகிறவர்களின் பெயரை வாசலில் ஒருவர் துண்டுக் காகிதத்தில் எழுதி, வந்த வரிசைப்படியே ஒரு கம்பியில் குத்திவைப்பார். சாயங்காலம் அந்தக் கம்பி பின்னறைக்கு வந்துவிடும். பின்னறைச் சாவி என்னிடம். குப்பை சேர்ந்தால் கொளுத்துவதும் நான்தான். அந்தக் கம்பிகளில் இருந்த துண்டுகளைக் கொளுத்திவிட்டால் என் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. கொடுத்தால், என் தப்பு ஒவ்வொன்றும் தேதியோடு வெளியே வரும். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலை போனால் எங்கே போவேன்? சைக்கிளை உருட்டிக்கொண்டே யோசித்தேன். மையம் வருகிற வரைக்கும் முடிவு செய்யவில்லை. வந்ததும் கால் தானாகப் பின்னறைக்குப் போயிற்று. துரு ஏறின கம்பிகளை அத்தனையும் அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டேன்.

அவர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்பியில் இருந்த வரிசை ஒரு பக்கம், கவர் எண் வரிசை இன்னொரு பக்கம். இரண்டும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கெல்லாம் என் இரக்கம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு பெயராக அவர் படிக்க, ஆமாம், இவரைத் தள்ளினேன் என்று நான் ஒத்துக்கொள்ள, மூன்று நாள் ஆயிற்று.

மெட்ராஸில் ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றேன். இரக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் தப்பு சரியாகிவிடுமா என்று ஒரே கேள்விதான் கேட்டார். கணக்கம்மா என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு வரிகூட மறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தக் கம்பிகளைக் கொண்டுவந்து கொடுத்தது நான்தான் என்பதையும் அதே காகிதத்தில் எழுதியிருந்தார். வேலை போகவில்லை. கவர்ப் பெட்டியைத் தொடக் கூடாது, வீடு வீடாகப் போகிற வேலை மட்டும் என்று ஆயிற்று.

அன்றைக்கு அவர் என்னைக் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். சில மணி நேரம்தான் அவருக்கு அது கிடைக்குமாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் மார்கழிக் குளிர். நீள நீளமாய் அட்டைகள், அதில் பொடிப் பொடி ஓட்டைகள். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. கட்டிலிருந்து ஒன்றை உருவி, "இது உங்க சேத்துப் பக்கத்துக்காரர்" என்று என் கையில் கொடுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த மனிதரின் எடை, இருமல், விழுங்கின மாத்திரை எல்லாம் அந்த ஓட்டைகளில் இருந்தது. நான் அவரை முகமாகப் பார்த்தேன், இவர் ஓட்டையாகப் பார்க்கிறார் என்று அதுவரை மனசுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது. அன்றோடு போயிற்று. அவ்வளவு பேரையும் ஒருத்தரைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது அவர்தான்.

அதற்கப்புறம் எந்த ஊர் அட்டை வந்தாலும், வந்த வரிசையும் எடையும் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் சோதிக்கிற மாதிரி கட்டளைகளைத் திருத்தி எழுதினார். வேறு ஊர்களில் இதே வேலை செய்கிறவர்கள் அந்தக் கட்டளைகளை ஓட்டையாகக் குத்தின அட்டைக் கட்டைக் கேட்டு வாங்கினார்கள். அவர் பார்சல் கட்டும்போது ஒருமுறை சணல் பிடித்துக்கொடுத்தது நான்தான். என் தப்பிலிருந்து பிறந்த பூட்டு அது. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

எமர்ஜென்சி வந்தது, போனது. ஒரு காலை அவர் மறுபடி அதே மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் தள்ளிவிட்டவர்களைச் சேர்த்தும் எண்ணிப் பார்த்தாராம், விட்டுவிட்டும் எண்ணிப் பார்த்தாராம். இரண்டிலும் ஒரே பதில். புது மருந்து பழையதற்குச் சளைத்ததில்லை. பாதிக் காலம் போதும். நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நடுரோட்டில் நின்று கைதட்டினேன். லாரிக்காரர் ஒருவர் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

அந்த மருந்துதான் இனி எல்லாருக்கும் என்று எங்கள் மையத்துக்கு உத்தரவு வந்த பிறகு, முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் அந்த மீன் கூடைக்காரி அம்மா. புருஷன் தேறி வலை இழுக்க ஆரம்பித்துச் சில வருஷம் கழித்து அவருக்கும் நோய் வந்துவிட்டது. பாதி நாளில் எழுந்து கூடையைத் தலையில் வைத்துவிட்டார். கும்மிடிப்பூண்டி சந்தையில் அவர் குரல் கேட்டபோது எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது.

குப்பத்தில் கணக்கம்மாவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. மாலை, பொன்னாடை எல்லாம் மெட்ராஸில் யாராவது போடுவார்கள், நம்மிடம் இருக்கிற பெரிய விஷயம் எதுவோ அதைக் கொடுப்போம் என்றார் தலைவர். அவர்களிடம் இருந்தது ஏரி. ஒருநாள் பாடு அவர் பெயருக்கு, அந்தச் சீட்டை அவரே எடுக்கட்டும் என்றார். கூட்டத்தில் ஒருவர் உடனே எழுந்து, கல்யாணமான ஆம்பளைக்குத்தான் பாடு, பொம்பளைக்கு ஏது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வழிவழியாக அப்படித்தான்.

பின்னாலிருந்து கூடைக்காரி அம்மா குரல் வந்தது. "ஏன் நைனா, நோவு வந்தப்ப ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுக்கினா வந்துச்சு? அந்தம்மா அட்டையில ஆம்பளையும் ஒரு ஆளுதான், பொம்பளையும் ஒரு ஆளுதான். உன் பானையில மட்டும் நாங்க ஆளு இல்லியா?"

எழுந்தவர் துண்டை உதறி உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்கம்மா வந்தார். கோயில் முன்னால் ஊரே நின்றது. என்ன மரியாதை என்று அவரிடம் சொன்னோம். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பானைக்குள் கையை விட்டார். தலைவர் சீட்டை வாங்கிப் பிரித்தார். பிரித்தவர் முகம் சுண்டிப்போயிற்று.

சேற்றுப் பக்கம்.

இருப்பதிலேயே மட்டமான இடம். எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் அந்தச் சீட்டை வெறித்துப் பார்த்தார், அவ்வளவுதான். மறுபடி குலுக்கலாம் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. முதலில் சிரித்தது கணக்கம்மாதான். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "பாத்தீங்களாண்ணா, எனக்குன்னு யாருமே சீட்டுல கை வெக்கல. இதவிடப் பெரிய மரியாதை எனக்கு வேற எங்க கெடைக்கும்?" என்று என்னிடம் சொன்னார். யாரோ விசில் அடித்தார்கள். கூடைக்காரி அம்மா குலவை போட்டார்.

அந்த அம்மாவின் புருஷன்தான் படகு தள்ளினார். ஒருகாலத்தில் எழுந்து நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்திருந்த மனிதர், இடுப்பளவு சேற்றில் நின்று ஒற்றை ஆளாய் வலையை இழுத்தார். கணக்கம்மா கரையில் நின்று ஒன்று, இரண்டு என்று மீனை எண்ணினார். அரைக் கூடை கெளுத்தியும் கொஞ்சம் நண்டும் தேறின. பனையோலைக் கூடையில் அதைக் கட்டிக் கொடுத்தோம். கவலையே படாமல் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் போனார். பெட்டியில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

அவருக்குப் பிற்காலத்தில் பெரிய இடங்களில் பெரிய கௌரவங்கள் வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வயசாகிவிட்டது. இன்றைக்கும் பிறருக்கு நல்லது செய்யக் கை பரபரக்கும். அப்போதெல்லாம் இந்த நல்லது யாருடைய முறையைத் தள்ளிவிட்டு வருகிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் நான் சம்பாதித்ததிலேயே பெரியது அந்த ஒரு நிமிஷம்தான்.